துடுப்புக்குள் ஒரு மின்கலம்

சதுரங்கப்பட்டினத்தில் பெரியப்பாவிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது. வண்டி என்றால் அவருக்கு உயிர். ஓடு வேய்ந்த கொட்டகை போட்டு, மூன்று பக்கமும் தட்டி கட்டி, மேலே தார்ப்பாயும் போர்த்தி, ஒரு சொட்டு மழை படாமல் வைத்திருந்தார். இரண்டு வீடு தள்ளி இன்னொருவர் அதே வயதுள்ள பத்மினியை வெட்டவெளியில் நிறுத்தியிருப்பார். வெயில், மழை, காக்காய் எச்சம் எல்லாம் அதன் தலையில்தான். பல வருடம் கழித்து இரண்டும் ஒரே டிங்கரிங் பட்டறைக்குப் போயின. வெளியில் நின்ற வண்டி நிறம் வெளுத்துப் போயிருந்தது. தகரம் கெட்டியாக இருந்தது. பெரியப்பாவின் வண்டி பளபளவென்றிருந்தது; பின்சக்கரத்துக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தியதும் அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போயிற்று. பட்டறைக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. "கடலோரத்துல மூடி வச்ச வண்டிதாங்க மொதல்ல போகும்" என்றார்.

மழை படாத இரும்பு எப்படி அதிகமாகத் துருப்பிடிக்கும்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்போது நான் இருப்பது அணுபுரத்தில். இங்கே பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர்கள். கடல்நீரால் குளிர்விக்கப்படும் அணுமின் நிலையத்தை வைத்துக்கொண்டு உப்போடு தினமும் மல்லுக்கட்டும் ஊர் இது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகங்கள் அரிக்கப்படுவதை ஆராய்வதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. அரிமானம் என்று பாடப்புத்தகம் சொல்வதும், துரு என்று நாம் சொல்வதும் இந்த ஊரில் மாலை நேரப் பேச்சில் சாதாரணமாக அடிபடும். எனக்கோ பழைய கார்கள்மேல், அதிலும் வால்பக்கம் மீன் துடுப்புபோல் நிமிர்ந்து நிற்கும் அமெரிக்கக் கார்கள்மேல் தீராத ஆசை. இரண்டும் சேர்ந்து பெரியப்பாவின் கேள்விக்கு விடை கொடுத்தன.

பத்மினியின் பின்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். டிக்கியின் இரு ஓரத்திலும் தகரம் சன்னமாக மேலெழுந்து, சிவப்பு விளக்கில் போய் முடியும். ஒரு பெரிய மோகத்தின் சின்ன மிச்சம் அது. 1948-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் காரின் பின் மட்கார்டுகளை மேல்நோக்கித் தூக்கி முடித்தது. அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லும் அவர் குழுவினரும், உலகப்போர்க் காலத்தில் லாக்ஹீட் பி-38 என்ற இரட்டைவால் போர்விமானத்தைப் பார்த்து மயங்கியதில் பிறந்த வடிவம். பிறகு எல்லோரும் போட்டியில் இறங்கினார்கள். கிறைஸ்லர் நிறுவனத்தில் வெர்ஜில் எக்ஸ்னர் 1957 மாடல்களுக்குக் கதவிலிருந்தே கிளம்பி வால்வரை ஏறும் துடுப்பைக் கொடுத்தார். 1959 காடிலாக்கில் அது உச்சிக்குப் போய், ராக்கெட் முனை போன்ற இரட்டை விளக்குகளோடு நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் மோகம் அடங்கிவிட்டது.

அம்பின் பின்னால் இறகு கட்டுவதுபோல, பக்கக் காற்றில் காரை நேராக ஓட வைக்கவே இந்த வால்துடுப்பு என்று கிறைஸ்லர் விளம்பரம் செய்தது. கொள்கையில் பிழை இல்லை. காற்று தள்ளும் மையம் பின்னால் நகர்ந்தால் வண்டி திசை மாறுவது குறையும். ஆனால் இறகுக்கு வேலை இருப்பது வேகத்தில்தான். ஊருக்குள் ஓடும் வேகத்தில் அது அலங்காரம். எனக்கு அலங்காரமே போதும்.

நம் ஊருக்கு இந்தக் கார்கள் வந்த வழி குறுகலானது. வெளிநாட்டுக் கார்களைப் பிரித்த நிலையில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களின் நடுவில் கடையைக் கட்டின. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிறைஸ்லர் குடும்பத்துக் கார்களான டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோவைப் பூட்டிக்கொண்டிருந்தது. இறக்குமதிக் கதவு சாத்தப்பட்ட பிறகு வந்தவை பெரும்பாலும் தூதரகங்களின் கார்கள். அவற்றை அரசு வர்த்தகக் கழகம் ஏலம் விடும்; சினிமாக்காரர்களும் பணக்காரர்களும் எடுப்பார்கள். 'பிளஷர்' என்று ஒரு காலத்தில் கார்களை அழைத்த தமிழ் வீடுகளில் இம்பாலா என்ற பெயர் செல்வத்தின் மறுபெயராகப் புழங்கியது அப்படித்தான். இன்று கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்திலும், வடபழனியில் ஏவிஎம் அருங்காட்சியகத்திலும், சென்னையின் சில தனியார் ஷெட்டுகளிலும் பழைய கார்கள் மிஞ்சியிருக்கின்றன. மிச்சமெல்லாம் எங்கே போயின என்று கேட்டால் பாதிப் பதில் காயலான் கடை. மீதிப் பதில் துரு.

சென்னையில் ஒரு பழைய கார்க் கண்காட்சியில், உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, துடுப்பின் அடிப்பக்கம் கைவிட்டுப் பார்த்தேன். வெளியே முகம் பார்க்கலாம்போல் மினுமினுப்பு. உள்ளே மணிக்கட்டு நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. மேல் தகரமும் உள் தகரமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, அங்கங்கே புள்ளி வெல்டிங் வைத்துச் சேர்க்கப்பட்டிருந்தன. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நகம்கூட நுழையாத இடுக்கு. அதில் மண்.

அந்த இடுக்கில் நடப்பதைப் புரிந்துகொள்ள டார்ச் லைட்டிலிருந்து தொடங்கலாம். பழைய செல்லைக் கழற்ற மறந்துவிட்டால் ஒழுகி வழிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். சாதாரண செல்லின் உறையே துத்தநாகம். துத்தநாகம் கரைந்து எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது. அவை பல்பு வழியாக ஓடி இன்னொரு முனைக்குப் போகின்றன. வெளிச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை அந்த உலோகம். செல் தீர்ந்தது என்றால் உறை தின்னப்பட்டது என்று பொருள்.

துருவும் இப்படி ஒரு செல்தான். இதில் பல்பு கிடையாது, கம்பி கிடையாது, இரண்டு உலோகம்கூடத் தேவையில்லை. ஒரே தகரத்தில் ஓர் இடம் எலெக்ட்ரானைக் கொடுக்கும், பக்கத்து இடம் வாங்கிக்கொள்ளும். பாடப்புத்தகம் இவற்றை நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று சொல்லும். நான் இந்தக் கட்டுரைக்குக் 'கொடுக்கும் இடம்', 'வாங்கும் இடம்' என்றே சொல்கிறேன். கொடுக்கும் இடத்தில் இரும்பு கரைகிறது. வாங்கும் இடத்தில், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்கிறது. இரண்டையும் இணைத்துச் சுற்றை முடித்து வைப்பது மேலே படிந்த ஈரம். ஈரத்தில் உப்பு இருந்தால் மின்னோட்டம் தடையில்லாமல் போகும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920-களில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. நன்றாகத் தேய்த்த எஃகுத் தகட்டின்மேல் ஒரே ஒரு சொட்டு உப்புநீர். அதில் இரண்டு சாயப்பொருள்கள். ஒன்று, இரும்பு கரைந்து வரும் இடத்தில் நீலமாகும். மற்றொன்று, ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கிக் காரத்தன்மை உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். சொட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தால் நடு நீலமாகவும், விளிம்பு இளஞ்சிவப்பாகவும் பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் இடையே வளையமாகத் துரு படியும்.

இதில் உறைக்க வேண்டியது ஒன்று உண்டு. சொட்டின் விளிம்பு மெல்லியது. காற்றிலிருந்து ஆக்சிஜன் சுலபமாக வந்து சேரும். நடுப்பகுதி ஆழமானது, ஆக்சிஜன் குறைவு. ஆனால் அரிக்கப்படுவது ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி! ஆக்சிஜன் நிறைந்த இடம் வாங்கும் இடமாகிவிடுகிறது, பட்டினி கிடக்கும் இடம் கொடுக்கும் இடமாகிறது. துரு படியும் இடமும் இரும்பு போகும் இடமும்கூட வேறு வேறு. 1932-இல் எவன்ஸும் டி. பி. ஹோரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அரிக்கப்படும் பகுதிக்கும் மற்ற பகுதிக்கும் இடையே ஓடிய மின்னோட்டத்தை அளந்து, அந்த மின்னோட்டம் எவ்வளவு இரும்பைக் கரைத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, தகடு உண்மையில் இழந்த எடையோடு ஒப்பிட்டார்கள். கணக்கு பொருந்தியது. துருப்பிடித்தல் மின்வேதி வினை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

சாயப்பொருள் இல்லாமலே வீட்டில் இதன் ஒரு பாதியைப் பார்க்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஒரு பழைய இரும்புத் தகட்டில் உப்புநீர்ச் சொட்டு வைத்து, மறுநாள் துடைத்துப் பாருங்கள். நடுவில் இரும்பு மங்கி அரிக்கப்பட்டிருக்கும்.

இப்போது துடுப்பின் மடிப்புக்குப் போவோம். இரண்டு தகரத்துக்கு நடுவில் ஈரம் தந்துகிக் கவர்ச்சியால் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. வாய்ப்பக்கம் காற்றுப் படுகிறது, உள்ளே படுவதில்லை. எவன்ஸின் சொட்டை அப்படியே நசுக்கி நீட்டிய மாதிரி. உள்ளே இருக்கும் தகரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஈர மண் அடைத்துக்கொண்டால் அங்கேயும் இதே கதை. வெளியே பெயிண்ட் ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். துருவின் கன அளவு அது உண்டாக்கிய இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும் என்பதால், கடைசியில் பெயிண்ட் கொப்புளம் கட்டும். கடலோரத்து வீடுகளில் கம்பி உப்பி கான்கிரீட் பெயர்ந்து விழுவதும் இதனால்தான். கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

சரி, பெரியப்பாவின் வண்டிக்கு மழை இல்லாமல் ஈரம் எங்கிருந்து வந்தது? அடுப்பங்கரைக் கல்லுப்பு ஜாடியைக் கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே அது கசிந்து நிற்கும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். இந்தக் கடற்கரையில் இரவுகளில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது வழக்கம். அதாவது, தகரத்தின்மேல் உப்புத்தூள் இருந்தால் மழை தேவையே இல்லை. ஒவ்வொரு இரவும் அது ஈரமாகும். தார்ப்பாய்க்கு அடியில் பகலிலும் சீக்கிரம் காயாது.

உப்புத்தூள் வருவது அலை உடையும் இடத்திலிருந்து. வெண்ணுரையின் ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது நுண்ணிய துளிகளை மேலே தெறிக்கவிடுகிறது. காற்று அவற்றைக் கரைக்குத் தூக்கி வருகிறது. இதை அளக்கும் முறை அழகானது: ஒரு பாட்டிலில் நீர் வைத்து, அதிலிருந்து மேலே நீளும் திரியில் ஈரத்துணி சுற்றி வெட்டவெளியில் நிறுத்துகிறார்கள். காற்றில் வரும் உப்பு ஈரத்துணியில் ஒட்டி நீரில் இறங்கும். பிறகு அந்த நீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஈரத்திரி முறை என்று சொல்லலாம். 1950-களில் நைஜீரியக் கடற்கரையில் ஆம்ப்ளர், பெய்ன் என்ற இருவர் இப்படி அளந்து, அலையிலிருந்து உள்ளே போகப் போக உப்பு சடசடவென்று குறைவதையும், அதோடு சேர்ந்து இரும்புத் தகடுகளின் அரிப்பும் குறைவதையும் காட்டினார்கள். முதல் சில நூறு மீட்டரிலேயே பெரும் வித்தியாசம். நம்மிடம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட இடம். மண்டபம் என்ற ஊரில் கடலைப் பார்த்தபடி உலோகத் தகடுகளை வரிசையாகச் சாய்த்து வைத்து, ஆண்டுக்கணக்கில் காற்றுக்குக் கொடுத்து, துருவைக் கரைத்துவிட்டு எடை போட்டு இழப்பை அளந்தவர்கள் அவர்கள். இது பொறுமை மட்டுமே கருவியாக உள்ள விஞ்ஞானம். எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு.

ஆகவே அலையடிக்குப் பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினமும், சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிய அணுபுரமும் தகரத்துக்கு ஒரே ஊர் அல்ல. தெருவில் நின்ற பத்மினியை ஒவ்வொரு மழையும் குளிப்பாட்டி உப்பைக் கழுவிவிட்டது. வெயில் காய வைத்தது. கொட்டகைக்குள் நின்ற பத்மினியின்மேல் தட்டி இடுக்கு வழியாக வந்த உப்பு படிந்தது, ஒருநாளும் கழுவப்படவில்லை.

இதே பாடத்தை ஓர் ஊரே கூடிப் படித்த கதை அமெரிக்காவில் உண்டு. 1957 ஜூன் 15-ஆம் தேதி ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், நீதிமன்ற வளாகத்துப் புல்வெளிக்கு அடியில் ஒரு கான்கிரீட் அறை கட்டி, புத்தம்புதிய பிளைமவுத் பெல்வெடியர் ஒன்றை இறக்கினார்கள். தங்க நிறமும் வெள்ளையும் கலந்த, நெடிய துடுப்புள்ள கார். அணுகுண்டே விழுந்தாலும் தாங்கும் என்று நம்பிய அறை. ஐம்பது வருடம் கழித்து, 2007 ஜூன் 15 அன்று திறந்தார்கள். அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. சுற்றிய பாதுகாப்பு உறைக்குள் கார் சேற்றுநிறமாக உட்கார்ந்திருந்தது; என்ஜின் இறுகிவிட்டது. பிறகு நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் துருவைக் கரைத்தெடுத்தபோது அடியில் மினுக்கம் தெரிந்தது, ஆனால் தகரம் பல இடங்களில் தாள்போல ஆகியிருந்தது. ஓட வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். கடைசியில் அது இல்லினாய்ஸில் ஓர் அருங்காட்சியகத்தில் போய் நின்றது. அதே அறையில் காரோடு வைத்த எஃகுப் பெட்டி ஒன்று முழுக்க மூடி வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. அதற்குள் இருந்த காகிதங்களும் கொடியும் பழுதின்றி வெளியே வந்தன. ஈரம் புகவே முடியாதபடி மூடினால் இரும்பு பிழைக்கிறது. ஈரம் புகுந்து வெளியேற முடியாதபடி மூடினால் போய்விடுகிறது.

டல்சாவுக்கு 1957 மாடல் வாய்த்தது கூடுதல் துரதிர்ஷ்டம். அந்த ஆண்டு கிறைஸ்லர் கார்கள் அவசரமாகச் சந்தைக்கு வந்து, நீர் புகும் இடுக்குகளுக்கும் சீக்கிரத் துருவுக்கும் பெயர் வாங்கியவை. அக்காலத்தில் பெயிண்ட் துப்பாக்கி எட்டிய இடத்துக்கு மட்டுமே பாதுகாப்பு. துடுப்பின் உள்பொந்து ஏறக்குறைய அம்மணம். 1960-களில் ஃபோர்டு பெரிய அளவில் கொண்டுவந்த முறை இதை மாற்றியது. காரின் முழு உடலையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி மின்னோட்டம் கொடுத்தால், பெயிண்ட் துகள்கள் ஒவ்வொரு இடுக்கையும் தேடிப்போய் ஒட்டும். இரும்பைத் தின்னும் அதே மின்சாரத்தைக் காவலுக்கு வைத்ததுதான் இதில் உள்ள சாமர்த்தியம்.

பழைய காரை மீட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது இதற்குள்ளேயே இருக்கிறது. துருவின்மேல் பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்து மூடுவது மிகப் பெரிய தவறு. குளோரைடு துருவுக்கு அடியில், உலோகத்தை ஒட்டியே ஒளிந்திருக்கும். உப்புத்தாள் எவ்வளவு தேய்த்தாலும் குழிக்குள் போகாது. கடலடியிலிருந்து எடுத்த பீரங்கிகளைக் கார நீரில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஊற வைப்பது இந்த உப்பை வெளியே இழுக்கத்தான். காரில் மடிப்பைப் பிரித்து, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, உடனே காய வைக்க வேண்டும்.

கழற்ற முடிந்த சின்ன பாகங்களுக்குச் செல்லைத் தலைகீழாக ஓட்டலாம். பிளாஸ்டிக் தொட்டியில் வாஷிங் சோடா கரைத்து, துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் மாட்டி, நேர்முனையில் வேண்டாத இரும்புத் துண்டைத் தொங்கவிட்டால், துரு இளகிக் கறுப்பாக உதிரும். போன இரும்பு திரும்பாது, மிச்சமிருப்பது மிஞ்சும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். எவர்சில்வரைத் தொங்கவிடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாகக் கரையும்.

எட்ட முடியாத இடத்துக்கு நம் பாட்டிகளின் கடுக்காய் இருக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு டானின் என்ற பொருளால் வருவது. அது இரும்போடு சேர்ந்தால் கரையாத கறுப்பாகும். கடுக்காய் மை அப்படித்தான் பிறந்தது. கடையில் விற்கும் துரு மாற்றிகள் பலவற்றில் இருப்பதும் டானிக் அமிலம்தான். வேறு சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம். பாஸ்பரஸ் என்றதும் தில்லி இரும்புத் தூண் நினைவுக்கு வரும். அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் மேலே இரும்பு பாஸ்பேட் படலம் உருவாகிக் காத்து நிற்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார்.

துத்தநாகக் கட்டியை வண்டியில் மாட்டினால் துரு வராது என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். 1824-இல் ஹம்ப்ரி டேவி கப்பலின் செப்புத் தகட்டை அப்படிக் காப்பாற்றினார். அங்கே கப்பலையும் கட்டியையும் இணைக்கக் கடல் இருந்தது. காற்றில் நிற்கும் காருக்கு அந்த இணைப்பு இல்லை. துத்தநாகம் தகரத்தின்மேல் பூச்சாக ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். கீறல் விழுந்த ஜி.ஐ. வாளி உடனே துருப்பிடிக்காததும், வெள்ளீயம் பூசிய பிஸ்கட் டப்பா கீறலில் வேகமாகத் துருப்பிடிப்பதும் இதைச் சொல்லும். துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். வெள்ளீயமோ இரும்பைக் கொடுக்கும் இடமாக்கிவிடும். குரோமியம் பூசிய பம்பரிலும் நுண்துளை விழுந்தால் வெள்ளீயத்தின் கதைதான்.

சொந்தத் தகரத்தைக் காப்பாற்றுவதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டி, பழங்கால வண்டிகளுக்கான 'வி.ஏ.' பதிவெண் பெற, சேசிஸ், பாடி, என்ஜின் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். புதுப்பேட்டையில் உதிரிபாகம் தேடலாம். துடுப்பைத் தேட முடியாது.

பெரியப்பாவின் பத்மினியில் பின்பக்கத் தகரத்தை வெட்டியெடுத்து, புதுத்துண்டு வைத்து வெல்டிங் செய்தார்கள். தார்ப்பாயையும் தட்டியையும் அவரே கழற்றிப் போட்டார். கொட்டகையில் இப்போது கூரை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஒரு சுற்று. திரும்பியதும் ஹோஸ் பைப்பைக் கீழே நீட்டி மட்கார்டின் உள்பக்கம் அடிப்பார். கதவுக்கு அடியிலுள்ள வடிதுளைகளில் தென்னை ஈர்க்கை விட்டுக் குடைவார். முதலில் மண்ணிறத்தில் தண்ணீர் வரும். தெளிவாக வரும்வரை அவர் நகரமாட்டார்.